ஆணி பிடுங்கிய மரம்

பின்பக்கத்துக் கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது என்பது, உலையில் சோறு பொங்கி வழிந்தபோதுதான் சிந்துஜாவுக்கு உறைத்தது. வசந்தன் வேலையில் உட்கார்ந்தால் அந்தச் சர்க் சர்க் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் உடனே தேநீர் கேட்டுக் குரல் வரும். அன்று குரலும் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். அவன் முக்காலியை விட்டுவிட்டுச் சிமெண்டுத் தரையில், இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்து, பெண்கள் பூக்கட்ட உட்கார்வதைப் போல உட்கார்ந்திருந்தான். வலது கை பிடரியில் தொடங்கி, தோளைத் தாண்டி, இடுப்பு வரைக்கும் மெல்ல இறங்கியது. மறுபடி பிடரிக்குப் போனது.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டிருந்தான். அதற்கு முன்னால் தோளைத் தொடும் முடி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய முடி. பாவம், கைக்குப் பழக்கம் விடவில்லை என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் முடி என்றைக்கும் இடுப்பு வரை இருந்ததில்லை.

"என்னங்க, டீ போடவா?"

"வேணாம் தங்கச்சி," என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் 'சிந்து' என்பதைத் தவிர வேறு பெயர் அவன் வாயில் வந்ததில்லை. கிண்டல் செய்கிறான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆனாலும் பின்கதவைச் சாத்தாமல் விட்டாள்.

மொட்டை போட்டுச் சில நாள் கழித்துத்தான் அந்த மரத்தைக் கொண்டுவந்தார்கள். சாஆ ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தின் ஓரம், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயங்களை இடித்துத் தள்ளிய இடத்தில் விழுந்து கிடந்த புளியமரம். வீடு இருந்த பெர்மாஸ் ஜெயாவில் வசந்தனுக்கு வில் செய்வதுதான் தொழில். குதிரையேறி அம்பு விடப் பழகும் மலாய்க்காரர்கள்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். மூங்கிலை வில்லின் முதுகாக வைத்து, உள்பக்கமான வயிற்றுக்குப் பழைய மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை ஒட்டுவான். தானாக விழுந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து, தேறி நிற்கும் மரத்துக்காக ஜொகூர் மாநிலம் முழுக்க அலைவான். அந்தப் புளியமரத்தின் அடியில் முன்பு முனியாண்டி கோயில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது சாமியைக் குடத்தில் இறக்கிப் பட்டணத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கோயில் நிர்வாகத்தில் இருந்த லாரிக்கார வேலுதான் மரத்தைக் காட்டியவர்.

"சாமிய எடுத்துட்டுப் போயாச்சு லா. இப்ப இது வெறும் மரம்தான். தாராளமா வெட்டிக்குங்க," என்றார்.

அடிமரம் முழுக்கத் துருப்பிடித்த ஆணி. சூலமும் துணியும் மாட்ட அடித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். ஓர் ஆணி விடுபட்டாலும் ரம்பத்தின் பல் போய்விடும், ஆகவே கணவனும் மனைவியும் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காந்தத்தால் தடவித் தடவி, எல்லாவற்றையும் பிடுங்கி மைலோ டின்னில் போட்டார்கள். ஆணிகளில் கறுப்பாக ஏதோ நார் சுற்றியிருந்தது. அவள்தான் உன்னிப்பாகத் தேடி, ஆழப் புதைந்த கடைசி ஆணியையும் எடுத்தாள். மரத்தின் பெரும்பகுதி உளுத்துப்போய், ஒரே ஒரு வில்லுக்குத்தான் தேறியது. மற்றதை எல்லாம் எரித்துவிட்டான்.

ஆணி பிடுங்கிய அன்றைக்கு அப்புறம் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. ஈரத்தலையில் எண்ணெய் தேய்த்து, உலர்த்தாமல் முடிந்து வைத்த வாடை. தலையணை உறையைத் துவைத்தாள், மெத்தையை வெயிலில் போட்டாள், பினாயில் ஊற்றிக் கழுவினாள், அது போகவில்லை. அவன் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி, தலைக்குப் பின்னால் எதையோ ஒதுக்கி, நசுங்காமல் எடுத்து மேலே போட்டுக்கொண்டான். ஒருநாள் அவள் தலையணையோரம் கையூன்றியபோது, முடியை இழுத்ததுபோல வலித்து "ஸ்ஸ்" என்றான். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். ஒரு காலையில், வேலைக்குப் போகிற பஸ்களின் சத்தத்தோடு விழித்தபோது, வசந்தன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். கண் அவன் கண்ணாகவே இருந்தது.

"சிந்து, என்னை விட்டுட்டுப் போயிராத. நடுவுல நடுவுல நான் இல்லாமப் போறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வர ரொம்ப நேரமாவுது."

சொல்லி முடிப்பதற்குள் பிடி தளர்ந்தது. அவள் எழுந்து போய்க் குளியலறையில் வாய்விட்டு அழுதாள். அவனை எப்படியாவது மீட்டாக வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை.

வேலுவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது ஆணியைப் பற்றித்தான்.

"ஆணிய ஏம்மா புடுங்குனீங்க?"

"புடுங்காம எப்படிண்ணே அறுக்கிறது?"

"அது சாமிக்கு அடிச்சதில்ல. அந்தக் காலத்துல பேய் புடிச்சவங்களக் கொண்டாந்து, அவங்க முடியச் சுத்தி அடிச்சது. ஆணி இருந்தா அந்தப் பேய் மரத்தோட நிக்கும். சாமி போனா எல்லாம் போச்சுன்னு நானும் நெனச்சிட்டேன்." குரல் இறங்கியது. "இப்ப அவரு முடிய எடுத்து, அதே மரத்துல அடிச்சிருங்க. எங்காளுங்க அப்படித்தான் செய்வாங்க."

மொட்டைத் தலையில் எந்த முடியை எடுப்பது? அப்போதுதான் அலமாரியில் கிடந்த அவனுடைய பழைய சீப்பு நினைவுக்கு வந்தது. பற்களில் சிக்கிய நீள முடியை எல்லாம் உருவி, விரலில் சுற்றினாள். அவன் ஷாம்பூ வாசம் இன்னும் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் அது இறங்கிய இரைச்சலில், தொழுகைக்கூடமான சூராவிலிருந்து வந்த மஹ்ரிப் பாங்குகூட விட்டு விட்டுத்தான் கேட்டது. அவன் கொட்டகையில், அதே தரையில், அதே மாதிரி உட்கார்ந்து இல்லாத முடியை வாரிக்கொண்டிருந்தான். மேசையில் பாதி முடிந்த வில். டின்னிலிருந்து ஓர் ஆணி. வில்லின் கைப்பிடி தடிமனான இடம், பிளந்துபோகாது. முடியைச் சுற்றினாள். ஓங்கி அடித்தாள். இன்னும் ஓர் அடி. ஆணியின் தலை மரத்துக்குள் அமிழும்வரை அடித்தாள்.

அவன் கை நின்றது. தலை மார்பில் சரிந்தது.

வாடை போய்விட்டதைப் போலிருந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சுட்டது. "என்னங்க, போயிருச்சிங்க, ஒண்ணுமில்ல இனிமே," என்று அவன் முதுகைத் தடவித் தடவிச் சொன்னாள்.

"சிந்து."

அவன் குரல்தான். ஆனால் அவள் தோளில் சாய்ந்திருந்த வாய் அசையவில்லை.

"சிந்து, இருட்டா இருக்கு."

மேசையிலிருந்து வந்தது.

அவள் அவனை விட்டுவிட்டு மேசைக்கு ஓடினாள். சீப்பில் இருந்த முடி, பேய் வருவதற்கு முன்னால் இருந்த முடி. வசந்தன் மட்டுமே வசந்தனாக இருந்த நாளின் முடி. அவள் யாரை மரத்தில் அறைந்தாள் என்பது புரிந்துவிட்டது.

குறடை எடுத்தாள். பிடிக்க ஆணியின் தலை வெளியே இல்லை. நகத்தால் தோண்டினாள். நகம் பெயர்ந்தது. பின்னால் அவன் எழுந்திருக்கும் சத்தம். நிதானமாக வந்து, அவளை விலக்கி, வில்லை எடுத்துக்கொண்டது அது. கைகளுக்குத் தொழில் மறக்கவில்லை. நாணை மாட்டியது. சுவரில் இருந்த, வில்லை வளைத்துப் பழக்கும் தாங்கியில் கைப்பிடியை வைத்தது. நாணில் கட்டிய கயிற்றைக் கீழே இழுத்தது.

புது வில்லை அவசரப்பட்டு வளைக்கக்கூடாது. தினமும் கொஞ்சம், கொஞ்சம். ஒரேயடியாக இழுத்தால் படீரென்று ஒடிந்துவிடும்.

மரம் முனகியது. மரமில்லை.

"வலிக்குது சிந்து. சிந்து, வலிக்குது."

அவள் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதைத் தட்டிவிடத் துணியவில்லை. திடுமென விட்டாலும் ஒடியும், இழுத்தாலும் ஒடியும். அவள் புருஷனின் முகம் அவளை அன்பாகப் பார்த்தது.

கயிறு இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.