கூரை வேய்ந்தவளின் கேள்வி

ஒலிமீட்பாளர் வில்லவர் நாள்தோறும் விடியற்காலையில் இரண்டு குவளைகளில் தேநீர் ஊற்றுவார். ஒன்று அவருக்கு, மற்றொன்று, இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெயர் தெரியாத ஒரு துறவிக்கு. பிறகு மேசைமேல் உள்ள கறுப்புப் பானையின் முன் அமர்ந்து, கலயமொழிப் பொறியை இயக்குவார்.

சக்கரத்தில் சுழலும் ஈரமண்ணில் குயவர் குச்சியால் கோடு இழுக்கையில், அருகில் பேசுவோரின் குரலதிர்வு அக்கோட்டில் பதிந்துவிடுகிறது. பொறியின் ஒளிமுள் அதைப் படித்து மீண்டும் குரலாக்கும். கோடு இழுத்த நேரம் எவ்வளவோ, அவ்வளவே பேச்சு.

புகாரின் கடலடியில் கிடைத்த பானைகளில் வில்லவர் கேட்டது ஒரு குயவர் கொட்டிலை. மழைக்காலத்தில் ஊர் சுற்றும் துறவிகள் அங்கே ஒதுங்கினார்கள். ஒருவர் உயிர் உண்டென்றார், ஒருவர் இல்லையென்றார், மற்றொருவர் எல்லாம் நியதி என்றார். சமயங்கள் அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தன. வாதம் முடிந்ததும் எல்லோரும் ஒரே பானைக் கூழைக் குடித்தார்கள். தாம் வாழாத அந்தக் காலத்துக்காக வில்லவர் ஏங்கினார்.

நியதித் துறவியின் குரல்தான் ஊர்களை மாற்றியது. "விழ வேண்டிய மழை விழும். இடிய வேண்டியது இடியும். உன் கை எதையும் கூட்டாது, குறைக்காது." பத்தாண்டுகளுக்கு முன் வில்லவர் அதை வெளியிட்டார். களைத்திருந்த மக்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். இன்று கரையோரத்தில் பாதிப்பேர் நியதி நெறியினர். பொறாமை குறைந்தது; வழக்குமன்றங்கள் வெறிச்சோடின. பழுதுபார்ப்பதும் நின்றுபோனது.

அன்று தேநீர் ஆறுவதற்குள், கடற்சுவர்ப் பொறியாளர் அல்லியங்கோதை உள்ளே வந்தாள்.

"ஐயா, உங்க சாமியார் எழுந்துட்டாரா?"

"உட்காரும்மா."

"உட்கார நேரமில்லைங்க. சுவர்ல நாற்பதடிக்கு வெடிப்பு. பத்து நாள்ல ஐப்பசிக் காத்து வந்துடும். கீழ மூவாயிரம் வீடு இருக்கு. ஆளுங்களைக் கூப்பிட்டா, இடியறது இடியும்னு சீட்டாடுறானுங்க. மேஸ்திரி சிங்காரவேலு என்னையே கேக்குறாரு, 'நீங்க ஏம்மா மெனக்கெடுறீங்க'ன்னு. அந்தச் சாமியார் வேற ஒண்ணுமே பேசலையா?"

வில்லவர் எழுந்துபோய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து இன்னொரு பானையை எடுத்தார். அதன்மேல் அவர் கையெழுத்தில் 'இரைச்சல்' என்று ஒட்டியிருந்தது.

பொறி முனகியது. பானை வனைந்தவளின் குரல் எழுந்தது: "விழும் மழை விழட்டும், பெரியவரே. கூரையை நான் வேய்ந்தேன். அதன்கீழ் நீர் ஏன் வந்து அமர்ந்தீர்?"

கொட்டிலே சிரித்தது. பிறகு அதே துறவி: "தெரியவில்லை, அம்மா. நாளையும் பேசுவோம்."

கோதை உட்கார்ந்துவிட்டாள். "இதை ஏன் ஐயா மறைச்சீங்க?"

"என் மகள் படகோட கடல்ல போயிட்டாளே, அந்த வருஷம் கிடைச்ச பானைங்க இது. காத்து மாறுதுன்னு எனக்குத் தெரியும். போகாதேன்னு சொல்லல. தடுத்திருக்க முடியாதுன்னு யாராவது சொல்லணும்போல இருந்தது. அவர் சொன்னார்."

அன்று மாலை அவர் பொறியைக் கடற்சுவரின்மேல் வைத்து, இரண்டு பானைகளையும் அடுத்தடுத்துப் பேசவிட்டார். தாம் செய்ததையும் ஊரார்முன் சொன்னார். கூட்டம் அசையவில்லை. சிங்காரவேலு அருகில் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"மனசு விடாதீங்க ஐயா. நீங்க மறைச்சதும் நியதி. இன்னிக்குச் சொன்னதும் நியதி. உங்க மேல என்ன தப்பு?"

பத்தாண்டுகளாக அவரைத் தாங்கிய சொல் அது. இப்போதும் கைநீட்டினால் போதும், தாங்கிக்கொள்ளும். வில்லவர் கடலைப் பார்த்தார்.

"இல்ல சிங்காரவேலு. மறைக்காம இருந்திருக்கலாம். அவளையும் போகாதேன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டும் என்னாலதான்."

அவர் குனிந்து, வெடிப்பை அடைக்கக் கோதை குழைத்து வைத்திருந்த கலவைச் சட்டியைத் தூக்க முயன்றார். வயதான கைகளுக்கு அது அசையவில்லை. மீண்டும் முயன்றார்.

சிங்காரவேலு பார்த்துக்கொண்டே நின்றார். இதுவும் நியதிதானா என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.