அறுபத்தொன்றாம் கதவுக்காரரின் சாட்சி

ஞானாபரணம் இரண்டாவது இட்லியைப் பிட்டபோது அவருடைய வலது காதுக்குப் பின்னால் அதிர்ந்தது. யாரோ ஜெபித்திருக்கிறார்கள். ‘நாற்பத்துநான்காம் கதவு. சமையலுக்கு உப்பு இல்லை. உங்களிடம் இருக்கிறது’ என்றது குரல். அவர் கையைக் கழுவி, ஒரு பொட்டலம் உப்புடன் ஓடி, அந்தக் கதவின் கைப்பிடியில் மாட்டி, மணியை அடித்துவிட்டு, யாரும் பார்க்கும் முன்னே திரும்பி வந்து மிச்ச இட்லிக்கு உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓட நிலவில்தான் முடியும். அங்கே உடம்பின் கனம் ஆறில் ஒரு பங்கு.

நிலவின் ஏழாம் குடைவில் நானூறு பேர் பாறைக்குள் வீடு குடைந்து வாழ்ந்தார்கள். பூமியிலிருந்து எது வரவும் மூன்று நாள் ஆகும். ஆகவே கடவுளின் உதவி பக்கத்திலிருந்து கால்நடையாகவே வரட்டும் என்று முதலில் குடியேறியவர்கள் முடிவு செய்து, ஆளுக்கொரு வேண்டல்செவியைக் காதுக்குப் பின்னால் பதித்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் ஒருவர் கடவுளை எந்தப் பெயரால் அழைத்து எதைக் கேட்டாலும் சுவர் கேட்டுக்கொள்ளும். பெயரை நீக்கி, குரலை மாற்றி, அதை நிறைவேற்ற யாரால் மிக எளிதில் முடியுமோ அவர் காதில் சொல்லும். பொருள் கொண்டுபோக வேண்டியிருந்தால் மட்டும் கதவு எண்ணும் வரும். செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பெற்றவர் கடவுளுக்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டும். இது குடைவின் வழக்கம்.

ஞானாபரணம் இந்த வழக்கத்தை அட்சரம் பிசகாமல் காத்தார். செய்த நன்மையை எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. கடவுளிடம் மட்டும் சொல்வார், தினமும் காலை ஐந்து மணிக்கு, ஒலிபெருக்கியில்.

“ஆண்டவரே, நேற்று ஒரு வீட்டுக்கு என்னை உப்பாக அனுப்பினீரே! ஸ்தோத்திரம்!”

ஆண்டவருக்கு என்ன காது மந்தமா என்று மனைவி பாக்கியசீலி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். “நாலு பேருக்கு நல்லது செய்ய ஒரு ஊக்கம் வரவேண்டாமா சீலி?” என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடவுள் காரியத்தில் போய் யார் வாயைக் கொடுப்பது?

ஒரு வியாழக்கிழமை, ஜெபத்தை முடித்து ஒலிபெருக்கியை அணைத்த கையோடு காது அதிர்ந்தது. இந்தமுறை கதவு எண் இல்லை.

‘ஆண்டவரே, காலையில இந்தச் சத்தத்த நிறுத்தும். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து கண்ண மூட முடியல. பாசித் தொட்டி முன்னால ரெண்டு தடவ அசந்துட்டேன். இன்னொரு தடவ அசந்தா வேலை போயிரும். பிள்ளையத் தூக்கிட்டு பூமிக்குத்தான் போகணும்.’

குடைவுக்கு மூச்சுக்காற்றே பாசித் தொட்டியிலிருந்துதான் வந்தது. அங்கே தூங்கி வழிபவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஞானாபரணத்துக்கு நெஞ்சு கனத்தது. உப்பு, ஊசிநூல், பால்பொடி என்றே ஓடிக்கொண்டிருந்த அவர் காதுக்கு இத்தனை பெரிய வேண்டுதல் வந்ததில்லை. கூடவே, எந்த மனசாட்சி இல்லாதவன் இப்படி அட்டகாசம் செய்கிறான் என்று கோபமும் வந்தது.

அன்றே ஏணி போட்டு ஏறி, நடைபாதைக் காற்றாடிக்குக் கிரீஸ் போட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி அதே ஜெபம். தண்ணீர் மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தார். சனிக்கிழமையும் வந்தது. எதிர்வீட்டுத் தாவீதிடம் போய், “காலையில குறட்டையக் கொஞ்சம் குறைச்சுக்கிடும் ஓய்” என்று கேட்டே விட்டார். அத்தனையையும் மறுநாள் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் கடவுளிடம் ஒப்புவித்தார்: “உறக்கமில்லாத ஓர் ஆத்துமாவுக்காக நான் படுகிற பாட்டைப் பாரும் ஆண்டவரே!”

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெபம் வந்தபோது மனிதர் உடைந்துபோனார். வழக்கத்தை மீறி மனைவியிடம் சொன்னார்.

பாக்கியசீலி சட்னியை வழித்துப் போட்டபடியே கேட்டாள்: “காற்றாடிக்கு ஒரு ஆள் இருக்கு. மோட்டாருக்கு மெக்கானிக் இருக்காரு. அவுக காதுக்கெல்லாம் போகாம, அந்த ஜெபம் ஏன் உங்க காதுக்கே வருது?”

“எங்கிட்ட ஏதோ ஒரு கிருபை இருக்கு சீலி.”

“உங்ககிட்ட ஒரு பொத்தான் இருக்கு” என்று அவள் ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

அன்று முழுக்க அவருக்குத் தாவீதின் முகத்தை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் ஐந்து மணிக்குப் பொத்தானைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அவர் செய்த நன்மைகளிலேயே பெரியது அதுதான். அதை வாய்விட்டுக் கடவுளிடம்கூடச் சொல்ல முடியவில்லையே என்று தவித்தார். அந்த ஜெபம் அப்புறம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துக் காது அதிர்ந்தது. ‘அறுபத்திரண்டாம் கதவு. கடவுளுக்கு நன்றி சொல்ல ஓர் ஒலிபெருக்கி வேண்டும். உங்களிடம் சும்மா இருக்கிறது.’

அவருடையது அறுபத்தொன்று. அடுத்த கதவில் இருந்தவள் பாசித் தொட்டியில் வேலை பார்க்கும் தங்கபுஷ்பம். அந்த ஜெபம் யாருடையது என்று அப்போதுதான் விளங்கியது. பிள்ளையோடு அவள் தப்பிவிட்டாள் என்று நினைத்ததும் அவர் கண் நிறைந்தது. இனி நமக்கு எதற்கு என்று ஒலிபெருக்கியைத் துடைத்து, அவள் கைப்பிடியில் மாட்டி, மணியடித்துவிட்டு ஓடிவந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சுவர் அதிர்ந்தது.

“ஆண்டவரே! என் தூக்கத்தத் திருப்பித் தந்தீரே! என் வேலையக் காப்பாத்தினீரே! பக்கத்து வீட்டு ஐயா தொண்டையக் கட்டிப்போட்டீரே! இந்தக் குடைவு முழுக்கக் கேக்கட்டும், ஸ்தோத்திரம்!”

தூக்கம் கலைந்து எழுந்த ஞானாபரணம் தம்மை அறியாமல், “ஆண்டவரே, இந்தச் சத்தத்தை நிறுத்தும்!” என்று சொல்லிவிட்டார்.

சட்டென்று அமைதி. பிறகு தங்கபுஷ்பத்தின் குரல் தழுதழுத்து வந்தது: “இப்பத்தான் காதுல கேட்டேன். சத்தத்தால ஒரு ஆத்துமா உறங்க முடியாமத் தவிக்குதாம். எந்தப் பாவி இப்படிச் செய்யுதானோ! அந்த ஆத்துமாவுக்காக இன்னும் கொஞ்சம் சத்தமா ஜெபிப்போம்!”

பாக்கியசீலி போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி அலமாரியைக் காட்டினாள்.

“அந்தக் கிரீஸ் டப்பாவ அவ கதவுல மாட்டிட்டு வந்துருங்க. இன்னிக்கு அவளுக்கு வேணும்லா.”