படங்கு உதறினால் தெரியும்

ரிஸ்வி முதலாளியின் கடையில், மாவு மூட்டையின்மேல் பூந்தி உட்கார்ந்திருந்தது. கடைக்கே தான்தான் முதலாளி என்பது போல!

சீனி வாங்க வந்த கிருஷாந்தி அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வாரமாக, தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்க அவள் தேடிய பூனை அது. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்புத் திட்டு, வலது காது மட்டும் மஞ்சள்.

"பூந்தி!"

முதலாளியின் மகன் அக்ரம் குறுக்கே பாய்ந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படிப்பவன்.

"இது ஒன்ட பூனை இல்ல. குளோனிங் பூனை."

"என்னது?"

"சயன்ஸ் சேர் சொன்னார் தானே? நாத்து வளக்கிற தவறணையில ஒரு துண்டு கிளைய வெட்டி நட்டா அதே தேயிலை வரும். பூனையும் அப்பிடித்தான். ஒன்ட பூனைட முடிய வெளிநாட்டுல இரிக்கிற மாமாவுக்கு அனுப்பினேன். அவர் செஞ்சு அனுப்பிட்டார்."

இதை அவன் பருப்புச் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கிருஷாந்திக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பாடத்தில் அக்ரம் பாதியிலேயே தூங்கிப்போனான். அவன் குறட்டை கடைசி வரிசைவரை கேட்டது.

"முடி போதாது. உயிருள்ள செல்லு வேணும்னு சேர் சொன்னாரு."

"கொஞ்சம் தோலும் அனுப்பினேன்."

"யாரு தோல?"

அக்ரம் அவசரமாகப் பருப்புச் சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினான்.

"குளோன்னாலும் குட்டியாத்தான் பொறக்கும். இன்னொரு பூனை ரெண்டு மாசம் வயித்துல சுமக்கணும். இது எப்பிடி மூணு வாரத்துல இவ்வளவு பெருசாச்சு?"

"அங்க மெஷின்ல வளக்கிறாங்க."

"மூணு நெறப் பூனைய குளோன் பண்ணினா திட்டெல்லாம் எடம் மாறி வரும். இதுக்கு அதே காதுல அதே மஞ்சள்!"

"அது... நல்ல கொம்பனி."

கிருஷாந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூந்தி கிடைக்காத கவலையில், குளோன் செய்தால் என்ன என்று அவளும் ஒருநாள் நினைத்ததுண்டு. ஒரு குட்டி பிழைப்பதற்குள் பல குட்டிகள் வீணாகிப்போகும், சுமக்கும் பூனைகளுக்கு ஊசியும் ஒப்பரேஷனும் என்று சேர் சொன்னதும் அந்த ஆசையே போய்விட்டது. உடம்பை நகல் எடுக்கலாம், ஞாபகத்தை எடுக்க முடியாது என்றும் அவர் சொன்னார்.

ஞாபகம்! அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

மறுநாள் பின்னேரம் ஒரு பையோடு கடைக்கு வந்தாள்.

"அது என்ன?" என்றான் அக்ரம்.

"அம்மாவோட படங்கு. கொழுந்து பறிக்கிறப்போ இடுப்புல கட்டுவாங்க."

அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் படங்கை உதறினால் வெட்டுக்கிளிகள் விழும். அவற்றைப் பிடிக்க பூந்தி எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடும்.

கிருஷாந்தி படங்கைப் படபடவென்று உதறினாள்.

மூட்டையிலிருந்து ஒரே தாவல்! பூந்தி படங்கின் அடியில் புகுந்து தேடியது. வெட்டுக்கிளி ஒன்றுகூட இல்லை. கிருஷாந்தியின் காலில் உரசி, "மியாவ்!" என்று கோபித்துக்கொண்டது.

"வெளிநாட்டுல ஒங்க மாமா படங்கும் உதறிக் காட்டினாரா?"

அக்ரமின் கண்கள் கலங்கின. அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான். அங்கே ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் மூன்று குட்டிகள் நெளிந்தன.

"லயத்துக்குச் சாமான் கொண்டு வந்த எங்கட வேன்ல ஏறி வந்திரிச்சி. மறுநாளே குட்டி போட்டிச்சி. நீ தாயக் கொண்டு போனா இதுகள் செத்துப் போகும்னு பயந்துட்டேன்."

"அத நேரா சொல்லியிருக்கலாமே! நான் என்ன கல்லா?"

பூந்தியை இப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. பூந்தியோ பெட்டிக்குள் குதித்துப் படுத்தது. குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்தன.

"பால் மறக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். நான் தெனம் வந்து பாத்துக்கிறேன். அப்புறம் பூந்திய வீட்டுக்குக் கூட்டிப் போயிருவேன்."

"அப்ப... எனக்கு ஒரு குட்டி தருவியா?"

"எது வேணும்?"

ஒன்று மஞ்சள். ஒன்று கறுப்பு. இன்னொன்று சாம்பல், அதன் வால் நுனி மட்டும் வெள்ளை. ஒன்றுகூட பூந்தியைப் போல இல்லை. அக்ரம் வெள்ளை வால்நுனிக் குட்டியைத் தொட்டான்.

"இது. இத மாதிரி இன்னொண்டு ஒலகத்துலயே இல்ல."

கிருஷாந்தி சிரித்தாள்.

"இந்தத் தடவ நீ சொல்றத நம்புறேன்."