பொட்டலமும் புது ஷூவும்

“நாய்க்குட்டிதானே சார்... தெரியாம கடிச்சிருச்சு!”

“தெரியாமலா? ரப்பர் செருப்பை விட்டுட்டு என் தோல் ஷூவைத் தேடிப் பிடிச்சிருக்கு! ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை எங்கயாவது விட்டுட்டு வா. இல்ல, நீயும் சேர்ந்து காலி பண்ணு!”

படிக்கட்டில் நின்று கத்தியவர் வீட்டுக்காரர். மாடியில் குட்டியை அணைத்தபடி நின்றவன் குடித்தனக்காரன். ஷூ பட்டறையில் தோல் வெட்டுகிறவன். யாரோ சாக்கில் சுற்றி மழையில் எறிந்துவிட்டுப் போன குட்டி அது. அதனால்தான் பொட்டலம் என்று பெயர். மறுபடி அதைத் தெருவில் விட அவனுக்கு மனசு வருமா?

அப்போதுதான் குடையை மடக்கியபடி வந்தாள் வீட்டுக்காரரின் மகள். குழந்தைகள் காப்பகத்து டீச்சர். விடுதியைக் காலி செய்துவிட்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தாள். இமையில் ஒரு மழைத்துளி... அவள் துடைக்கவில்லை. அவன் கண்ணை எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலுக்கு இதெல்லாம் தப்புமா?

“கடிக்க இதுக்கு என்ன கொடுப்பீங்க?” என்று அவனிடம் கேட்டாள்.

“பட்டறையில மிஞ்சுற தோல்...”

“அடடா! மிஞ்சின தோலைக் கடிக்கலாம், ஷூவைக் கடிக்கக் கூடாதா? ரெண்டும் ஒரே வாசனைதானே, அதுக்கு எப்படிப் புரியும்?”

நாள் முழுக்கத் தோலோடு கிடக்கிறவன் மூக்குக்கு அந்த வாசனையே மரத்துப் போயிருந்தது, பாவம். காது மடல் சிவந்தது.

“அப்பா, ஞாயித்துக்கிழமை உங்க புது ஷூவை நடுக்கூடத்துல வைங்க. இது வாய் வெச்சா போகட்டும்.”

“வெச்சா ரெண்டு பேரும் வெளியே!” என்றார் அப்பா.

மாலைதோறும் அவள் மாடியேறினாள். குட்டி எதைக் கவ்வினாலும் கத்தவில்லை. முடிச்சுப் போட்ட பழைய துணியை நீட்டினாள். துணியைக் கவ்வினால், “என் செல்லமே!” கொஞ்சல் குட்டிக்குத்தான்... இவன் ஏன் வெட்கப்பட்டான்?

ஞாயிறும் வந்தது. கூடத்தின் நடுவே பளபளவென்று ஷூ. ஓரத்தில் துணி முடிச்சு. நாற்காலியில் அப்பா, ஏதோ நீதிபதி மாதிரி.

பொட்டலம் நேராக ஷூவிடம் போனது. மோந்தது. வாய் திறந்தது...

அவன் கத்தப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “கூப்பிடாதீங்க... அதுவே முடிவு பண்ணட்டும்.”

குட்டி ஷூவை ஒரு நக்கு நக்கியது. அப்பா எழுந்தே விட்டார். அது திரும்பி, ஓடி, முடிச்சைக் கவ்விக்கொண்டு அவள் காலடியில் விழுந்தது.

பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை.

“இனிமே நீங்க மாடிக்கு வர காரணமே இல்லையே...” என்றான் மெல்ல.

“காரணம் இல்லாம வந்தா கதவைத் திறக்க மாட்டீங்களா?”

“பூட்டவே மாட்டேன்... நீங்க வரணும். எப்பவும்.”

அப்பா ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

கல்யாணம் முடிந்தது. பட்டறை இடம் மாறியதால் இருவரும் வேறு ஊருக்குப் போனார்கள். கிளம்பும்போது பொட்டலம் மட்டும் அப்பாவின் ஷூ மேல் படுத்துக்கொண்டு எழ மறுத்துவிட்டது. “கிடக்கட்டும், கிடக்கட்டும்” என்றார் பெரிய மனுஷர்.

போன வாரம் மகளுக்குப் போன் போட்டார். தெருவுக்கே கேட்டது.

“உன் நாய் என் புது பெல்ட்டைக் கடிச்சுக் குதறிடுச்சும்மா!”

மறுமுனையில் அவளுடைய அதே பழைய கேள்விதான் போல, கடிக்க என்ன கொடுத்தீங்க என்று. குரல் இறங்கியது.

“இல்லம்மா... பழைய பெல்ட்டுதானேன்னு... அதை நான்தான் முன்னாடி கடிக்கக் கொடுத்தேன்.”