கோணிப்போன கல்வேலி

காலை பத்தரை மணி. மாரண்டஹள்ளியை ஒட்டிய தக்காளிக் காட்டின் வரப்பில், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நின்றாள் எஸ்.ஐ. சாயிரா. ஒரே வேலி. இரண்டு புகார்கள்.

தம்பி இரவோடு இரவாக வேலிக்கல்லை நகர்த்தி இடம் பிடித்துவிட்டான் என்றார் அண்ணன் தீர்த்தகிரி. நகர்த்தியது அண்ணன்தான் என்றார் தம்பி ராஜப்பன். இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். நேற்று வாய்ச்சண்டை முற்றி, அண்ணன் வீசிய மண்வெட்டி தம்பியின் முழங்கையைக் கிழித்திருந்தது. அடுத்த தடவை கழுத்து தப்பாது.

சர்வேயர் அளந்து பார்த்து, ஒரு கல்லும் நகரவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கு எதிராளி காசு கொடுத்துவிட்டதாக அண்ணனும் சொன்னார், தம்பியும் சொன்னார்.

"கோணல் எங்க இருக்குது? காட்டுங்க."

"தோ, புளியமரத்துக்கு நேரா, உள்ள வளைஞ்சிருக்குது பாருங்கம்மா," என்றார் தீர்த்தகிரி.

"புளியமரம் இல்லீங்க மேடம். மோட்டார் கொட்டாய்க்கு நேரா," என்றார் ராஜப்பன்.

"ரெண்டு பேரும் ஒரே கோணலையாவது காட்டித் தொலைங்களேன்!"

கான்ஸ்டபிள் வீரமணி கல்லுக்குக் கல் குனிந்து பார்த்தார். "மண்ணு இறுகிக் கெடக்குது மேடம். கல்லைச் சுத்திப் புல்லுகூட அறுபடலை."

சாயிராவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. காலையில் இதே தீர்த்தகிரி ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே, "கதவு நிலையே கோணலா வச்சிருக்கீங்க, நீங்க எங்க நியாயம் சொல்லப்போறீங்க?" என்று வம்பிழுத்திருந்தார். போதாததற்கு, கொடுத்த டீயை மேசை விளிம்புக்கு வெளியே வைத்து அவள் செருப்பில் கொட்டியிருந்தார்.

"வீரமணி, கயிறு எடுத்துட்டு வாங்க. முதல் கல்லுல இருந்து கடைசிக் கல்லு வரைக்கும் விறைப்பா இழுத்துக் கட்டுங்க."

கயிறு எல்லாக் கல்லையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"கயித்தையே கோணலாக் கட்டிட்டு எங்கிட்ட கேக்கறீங்களே!" என்று சீறினார் தீர்த்தகிரி. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ராஜப்பன் அண்ணனை ஆமோதித்தார். "ஆமாங்க. நடுவுல நெளியுது."

திட்டுவதற்காகத் திறந்த வாயைச் சாயிரா அப்படியே மூடிக்கொண்டாள். விறைப்பாக இழுத்துக் கட்டிய கயிறு நடுவில் எப்படி நெளியும்? செருப்பில் கொட்டிய டீ நினைவுக்கு வந்தது.

"பெரியவரே, ஒவ்வொரு கண்ணாப் பொத்திக்கிட்டுப் பாருங்க."

தீர்த்தகிரி இடது கண்ணைப் பொத்தினார்; கோணல் போகவில்லை. வலது கண்ணைப் பொத்தினார். "நேரா ஆயிருச்சே… யாரு நகத்துனது?"

"ராஜப்பன் ஐயா, நீங்களும் ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பாருங்க."

அவருக்கும் வலது கண்ணைப் பொத்தியதும் கயிறு நிமிர்ந்தது.

"திருடன் கெடைச்சிட்டான்," என்றாள் சாயிரா. "உங்க கண்ணுதான். மரத்தைப் பாத்தவருக்கு மரத்துக்கிட்ட கோணல். கொட்டாயைப் பாத்தவருக்குக் கொட்டாய்க்கிட்ட கோணல். பாக்குற எடமெல்லாம் கோணுதுன்னா கல்லு எப்படிங்க காரணமாகும்? எங்க ஸ்டேஷன் கதவும் நேராத்தான் இருக்குது. இதைக் காலையிலேயே யோசிச்சிருக்கணும் நான். ஏறுங்க ஜீப்புல!"

தருமபுரியில் கண் டாக்டர் இருவரையும் பரிசோதித்தார். "விழித்திரையோட நடுப்பகுதிக்கு மாக்குலான்னு பேரு. முகம் பாக்குறது, எழுத்துப் படிக்கிறது எல்லாம் அதாலதான். வயசாக ஆக அது கெட்டு, அடியில ரத்தமும் நீரும் கசிஞ்சா நேர்க்கோடு நெளியும். பரம்பரையிலயும் வரும். உங்க வூட்டுல யாருக்காவது இருந்துதா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கப்பன் கடைசி காலத்துல யாரு மூஞ்சியையும் நேராப் பாக்க மாட்டாரு," என்றார் ராஜப்பன் மெதுவாக. "திமிருன்னு ஊரே பேசுச்சு."

"பீடி பிடிப்பீங்களா?"

இருவரும் தலைகுனிந்தார்கள்.

"இன்னையோட விட்டுடுங்க. புகை இந்த நோயைச் சீக்கிரம் முத்த வைக்கும். புள்ளைங்களையும் கண்ணைக் காட்டிக்கச் சொல்லுங்க."

"எனக்குப் பார்வை திரும்புங்களா?" என்றார் தீர்த்தகிரி.

"வலது கண்ணுல தழும்பு விழுந்துடுச்சு. நடுப்பார்வை திரும்பாது. ஊசி போட்டா மேல கெடாமப் பாக்கலாம். இடது கண்ணை விடாமக் காட்டிக்கிட்டே இருக்கணும்."

தீர்த்தகிரி தம்பி பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு?"

"அவருக்கு இப்பத்தான் கசிய ஆரம்பிச்சிருக்கு. ஊசி போட்டாப் பெரும்பாலும் காப்பாத்திடலாம்."

"அப்ப மொதல்ல அவனுக்குப் போடுங்க."

"இவரு சொல்லி நான் போட்டுக்கணுமா?" என்று எகிறினார் ராஜப்பன்.

"உள்ள போங்கய்யா!" சாயிரா போட்ட சத்தத்தில் நர்ஸே திடுக்கிட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டே ராஜப்பன் உள்ளே போனார். சற்று நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் நடுங்கி வந்தது.

"அண்ணா… நீயும் கூட வாயேன். ஊசியைக் கண்ணுலயே போடுவாங்களாம்."