பயணம் சொன்ன இடம்

நேற்றைவிடப் பை கனத்திருந்தது. பாஜிலா அதைத் தராசிலிருந்து இறக்கி, சிவப்பு எண்கள் சைபருக்குத் திரும்பும்வரை காத்திருந்து, மறுபடியும் தூக்கி வைத்துப் பார்த்தாள். அதே எடைதான் காட்டியது. ஏழு கிலோவுக்கு மேல் போனால் ஐரோப்பாவின் மலிவு விமானங்களில் பையோடு ஏறவே விடமாட்டார்கள் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தாள். அதற்காகவே நேற்று ஒரு ஜீன்ஸையும் ஊறுகாய் டப்பாவையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பையைச் சரியாக ஏழில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தொடுவதற்கு அந்த வீட்டில் வேறு ஆளே கிடையாது.

கீழே அத்தா ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கி, மேலே வீடு. அத்தா இறந்து வியாபாரம் நின்றபின் கிட்டங்கியில் மிஞ்சியது இந்த எலக்ட்ரானிக் தராசும், சுவர்களில் ஊறிப்போன ஏலக்காய் வாசமும்தான். அத்தாவின் தராசில் ஒரு கிராம் பிசகியது என்று கம்பம் பஜாரில் யாரும் சொன்னது கிடையாது. தராசுக்கு வயசாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அவள் பைக்குள் கையை விட்டுப் புளியோதரைப் பொடியை எடுத்தாள். லிஸ்பனில் இறங்கியதும் ஹாஸ்டல் அடுப்பில் சோறு பொங்கிக் கிளறித் தின்னலாம் என்று ஆசையாக வறுத்து இடித்தது. மனசு சுணங்கியது. என்றாலும் எடுத்து வைத்தாள்.

இந்தப் பயணமே முதலில் அவள் தங்கை ஷர்மினுடையதுதான். லிஸ்பன், மாட்ரிட், பார்சலோனா, மிலான், வியன்னா, பிராக் என்று ஊர்களைப் பொறுக்கி எடுத்தது ஷர்மின். பெரிய ஓட்டல் வேண்டாம், பத்துப் பேர் படுக்கும் அறையில் ஆளுக்கொரு கட்டில் போதும், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் பஸ்ஸிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டதும் அவள்தான். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதோடு பாஜிலா வெகுநாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தேனியில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை, பஸ், வீடு, மறுபடி ஆபீஸ். முப்பத்தாறு வயசு, கல்யாணம் தட்டிப் போனது, தம்பி நௌஷாத் ஷார்ஜாவில். முன்பின் தெரியாதவர்கள் குறட்டை விடும் அறையில் படுத்துத் தூங்கவேண்டும் என்று அவளுக்கு நிஜமாகவே ஏக்கமாக இருந்தது. இந்த வீட்டில் அவள் மூச்சு மட்டும்தான் அவளுக்குக் கேட்கும். இப்போது போகாவிட்டால் இங்கேயே இப்படியே முடிந்துபோவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விசா வந்துவிட்டது. நாளைச் சாயங்காலம் குமுளி வழியாகக் கொச்சிக்கு பஸ். பயணம் சொல்லிக்கொள்வதும் முடிந்துவிட்டது.

தூரப் பயணம் என்றால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்வது அவர்கள் தெருவில் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்காக துஆ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, கடைசியில் மரியாதைக்கு, நீங்களும் வாங்களேன் என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டு யாரும் பெட்டியைக் கட்டிவிட மாட்டார்கள். நல்லபடியாகப் போய்வா என்பார்கள். அந்தப் பதிலோடு அழைப்பு முடிந்துவிடும்.

முந்தாநாள் எதிர்வீட்டு லத்திபா மாமியிடமும் அப்படித்தான் நடந்தது.

"பொம்பளப் புள்ள ஒத்தையிலயா போற? ஒங்க அத்தா இருந்தா விட்டிருப்பாகளா?"

"நீங்களும் வாங்களேன் மாமி. ரெண்டு பேருமாப் போவோம்."

"அது சரி! எம்முட்டிய வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுறதே எனக்குப் பெரும்பாடு. நீ நல்லபடியாப் போய்ட்டு வா ஆத்தா."

கடைசியாக, நேற்று பையை எடைபோட்டு வைத்த பிறகுதான் பள்ளிவாசல் மையவாடிக்குப் போனாள். அடக்கம் செய்யும் இடத்துக்குள் பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. பின்பக்கச் சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடக்கும்; அந்த இடுக்கு வழியாக ஒரு வேப்பமரமும் அதன் அடியில் புல் மூடிய ஒரு மேடும் தெரியும். ஷர்மினை அடக்கிவிட்டுத் திரும்பியவர்களில் யாரோ, வேப்பமரத்துப் பக்கம் என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அதை வைத்துத்தான் இத்தனை நாளும் அந்த மேட்டைப் பார்த்துப் பேசிவந்தாள். அன்றும் ஸலாம் சொன்னாள். பேர் சொல்லிக் கூப்பிட வரவில்லை.

"பயணம் சொல்லத்தான் வந்தேன். ஒத்தையிலதான் போறேன்." இடிந்த சுவரில் கை ஊன்றினாள். "நீயும் வாயேன்."

அது மரியாதைக்குச் சொன்னதில்லை. நெஞ்சிலிருந்து வந்தது. மேற்கு மலையிலிருந்து இறங்கி ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த ஆனி மாசக் காற்று அந்த நேரம் பார்த்து நின்றது. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. நீ போய்வா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

புளியோதரைப் பொடியை எடுத்த அன்று சாயங்காலம், முதுகில் பையை மாட்டிக்கொண்டு சுருளிப்பட்டி ரோட்டில் நடந்தாள். பாரத்தோடு நடந்து பழகிவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். மருந்தடித்த வாசமும், வாய்க்கால் தண்ணீரின் குளிர்ச்சியும், தொலைவில் எங்கோ ஓடிய மோட்டாரின் ஒரே சீரான இரைச்சலுமாக, தனியாக நடக்கிறவளுக்கும் துணை இருப்பதுபோல் ஒரு நினைப்பு வரக்கூடிய பொழுது அது. பாதி வழியில் பை அசைந்தது. சாமான் சரிந்தது போல இல்லை. முதுகில் தூக்கிச் சுமக்கும் பிள்ளை நழுவும்போது ஒரு எம்பு எம்பி மேலே ஏறி உட்காருமே, அப்படி. பாஜிலா நின்றாள். பந்தலுக்குள்ளிருந்து ஓடிவந்த நாய் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. பிறகு அவள் தலைக்கு மேல் எதையோ பார்த்தது. குரைக்கவில்லை. பின்வாங்கியபடியே பந்தலுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பையைக் கழற்றித் தராசில் போட்டாள். ஏழுக்கும் குறைவு. எடுத்தது போக எவ்வளவு இருக்கவேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது. கனம் இப்போது பையில் இல்லை. ஆனால் தோள் இரண்டும் இன்னும் அழுந்திக் கிடந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றாள். ஓடிய எண்கள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் எடையோடு இன்னொரு ஒல்லியான ஆளின் எடையும் சேர்ந்திருந்தது.

அலறியிருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு லத்திபா மாமி வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். பாஜிலா ஓடவில்லை. பயம் ஒருபக்கம் இருக்க, அதற்கு அடியிலிருந்து வேறொன்று மெல்லக் கிளம்பி வந்தது. சின்ன வயசில் ஷர்மின் இதே கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே அவள் முதுகில் உப்புமூட்டை ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டாள்.

"வந்துட்டியாடீ?" என்று கேட்டாள். தோளில் இருந்த கனம் லேசாக முன்னால் சாய்ந்தது. ஜில்லென்று ஏதோ காதோரம் பட்டது.

அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

மறுநாள் பூராவும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. தோசை வார்த்தபடி பேசினாள். குளிக்கும்போது பேசினாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிராக்ல பாலத்த காலங்காத்தால பாக்கணும்னு சொன்னியே, ஹாஸ்டல்லருந்து பொடிநடையாப் போயிரலாம். ஒனக்குத் தனியாக் கட்டில் எடுக்கலடீ, எங்கூடவே படுத்துக்க" என்று சிரித்தாள். பதில் வராதது அவளுக்குக் குறையாகவே படவில்லை. கனம்தான் ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் மாடிப்படி ஏறியபோது மூச்சு வாங்கியது. "அங்கன போயும் நல்லாத் தின்னு ஒடம்பு போட்டுருக்க" என்று கேலி செய்தாள். ஒரு வாடையும் வந்துகொண்டிருந்தது. ஏலக்காய் வாசத்தையும் மீறி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிய சாக்கின் வாடை. மண்ணுக்குள் இருந்தவள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், பையைப் பூட்டிக் கட்டிலில் வைத்துவிட்டு முகம் கழுவி வந்தபோது நௌஷாத் போன் செய்தான். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு இன்னும் சொல்லவில்லை.

"கெளம்பிட்டியாக்கா? பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"எல்லாம் எடுத்தாச்சுடா. ஷர்மிகிட்டயும் போய்ப் பயணம் சொல்லிட்டு வந்தேன்."

"மையவாடிக்கா போன?"

"உள்ள போகல. செவரு இடிஞ்ச எடத்துல நின்னு சொன்னேன். வேப்பமரத்தடியில அவ மேடு தெரியும்ல."

"வேப்பமரத்தடியிலயா? அங்கன இல்லையேக்கா அவ."

"என்னடா சொல்ற?"

"மொதல்ல அங்கனதான் வெட்டுனாக. அன்னைக்கு மழையில்ல, குழியில தண்ணி ஊறிப்போச்சு. அப்பறம் வடக்கால மேட்டுல வச்சோம். நாந்தான குழிக்குள்ள எறங்கி வாங்குனேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப மரத்தடியில யாரு?"

"அது யாருன்னே தெரியாதுக்கா. முல்லைப் பெரியாத்து மதகுல ஒரு ஆம்பள ஒதுங்கிக் கெடந்தாப்லல்ல, அந்தாளு. தேடி ஒருத்தரும் வரல. பாவமேன்னு ஜமாத்துல வாங்கி, தண்ணி வத்துனதும் அந்தக் குழியிலயே அடக்குனாக. விடுக்கா, யாருக்குச் சொன்னா என்ன, துஆ போய்ச் சேரும். பாத்துப் போய்ட்டு வா. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

போன் நின்றது.

அறையில் சத்தமே இல்லை. அவள் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், அதைவிட மெதுவாக, இன்னொரு மூச்சும் கேட்டது. அந்த வாடை மண் வாடையில்லை என்று காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அது ஆற்று வாடை. மதகில் தேங்கிய தண்ணீரின் வாடை. நேற்றிலிருந்து யாரோடு பேசினோம், யாரைப் பக்கத்தில் படுக்கச் சொன்னோம் என்று நினைத்ததும் உடம்பு முழுவதும் கூசியது.

"நான் ஒன்னயக் கூப்பிடல."

ஒன்றும் அசையவில்லை.

"என் தங்கச்சியத்தான் கூப்பிட்டேன். எறங்கிரு."

கனம் இறங்கவில்லை. யாரும் தேடி வராத ஆள். உயிரோடிருந்தபோதும் செத்த பிறகும் எங்கேயும் ஒருவரும் வாயேன் என்று சொல்லாத ஆள். ஒருத்தி வந்து சொன்னாள். கண்ணீரோடு சொன்னாள். போய்வா என்று அவன் பதில் சொல்லவேயில்லை.

"நான் போகல." பிராக், வியன்னா, குறட்டை விடும் அந்த அறை, எல்லாம் அந்த வார்த்தையோடு போனது. "பயணம் இல்ல. நான் எங்கயும் போகல."

அதற்குத்தான் பதில் வந்தது.

கழுத்தைச் சுற்றி ஈரமான இரண்டு கைகள் மெல்லக் கோர்த்துக்கொண்டன. இறுக்கவில்லை. வண்டி கிளம்பும்போது பிடித்துக்கொள்வார்களே, அவ்வளவுதான். அவள் கால்கள் நகர்ந்தன. அவள் நகர்த்தவில்லை. கட்டிலை நோக்கி ஒரு அடி. பையை நோக்கி இன்னொரு அடி. பீரோ கண்ணாடியைத் தாண்டித்தான் போகவேண்டும். பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது.

பார்த்தாள்.

கண்ணாடியில் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, கீழேதான் பார்த்தாள். இடுப்புக்கு இரண்டு பக்கமும், அவள் முழங்காலுக்குக் கீழ்வரை, ஒரு ஆணின் வெளுத்த கால்கள் தொங்கின. ஊறித் தடித்த பாதங்கள், விரல் இடுக்கில் பாசி. அவள் பைக்குக் கை நீட்டியபோது, ஊருக்குக் கூட்டிப்போகும் பிள்ளையின் கால்களைப் போல அவை சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தன.