இரண்டு பேர் பாரம்

சிவப்புக் கோடு தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை தாழ்ந்து கிடந்தது.

அந்தக் கோட்டைப் போட்டவர் யாக்கோப்பு. பதினேழு அடிப் பழைய ஃபைபர் படகை ட்ரெயிலரோடு வாங்கிய கையோடு, மனைவி றோஸ்மலரை அதில் ஏற்றி இருத்தி, தனக்குப் பதிலாக எழுபத்தெட்டுக் கிலோ மணல் மூட்டை வைத்து, தண்ணீர்க் கான், காஸ் சிலிண்டர், சாப்பாட்டுப் பெட்டி என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கரையில் முழங்காலில் நின்று தண்ணீர் தொட்ட இடத்தில் பெயின்ட் அடித்திருந்தார். இரண்டு பேருக்கு இந்தக் கோடு, இதற்கு மேல் ஒரு சொட்டும் வரக்கூடாது என்றார். ஹீத்றோ விமான நிலையத்தில் ஏழு வருடம் பெட்டி ஏற்றுகிற மனிதர். ஒரு கையால் தூக்கிப் பார்த்து இருபத்திமூன்றரைக் கிலோ என்றால் தராசும் அதைத்தான் சொல்லும். கல்யாணம் செய்த நாளிலிருந்து பாரத்தில் அவர் பிழை விட்டதை றோஸ்மலர் கண்டதில்லை.

"என்னப்பா, கோடு தாழ்ந்து போச்சு."

யாக்கோப்பு எட்டிப் பார்த்தார். ஷெப்பர்ட்டன் இறங்குதுறையில் அப்போது வேறு எவருமில்லை. ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. சீசன் முடிந்து ஆறு வெறிச்சோடிக் கிடந்தது. படகின் இடது பின்மூலை மட்டும் சரிந்து நிற்க, அந்த மூலை இருக்கையில் ஒன்றுமே இருக்கவில்லை.

"தண்ணிக் கானை இடப்பக்கம் வைச்சிட்டன்போலை," என்று சொல்லிக் கானை வலப்பக்கம் மாற்றினார். மூலை நிமிரவில்லை. அவர் மறுபடி பார்க்காமல் எஞ்சினை இழுத்து உயிர்ப்பித்தார்.

எட்டு வருடமாக அவள் படகில் கால் வைத்ததில்லை. நாலு நாள், ஆறுதலாக ஆற்றில் ஓடி, பிறகு படகைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு றோட்டால் வந்து, கடைசி நாள் ஐல்வேர்த்தில் இறக்கி லண்டனைத் தண்ணீரில் நின்று பார்ப்பம் என்று அவர் ஆசையாகக் கேட்டபோது மாட்டன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மன்னார்க் கரையில் பிறந்த மனிதரை மூன்றாம் மாடிக் கவுன்சில் வீட்டில் எத்தனை வருடம் பூட்டி வைப்பது?

கடைசியாக ஏறிய படகு, எண்பத்தைந்தில், பேசாலையிலிருந்து இராமேஸ்வரம் பக்கம் போனது. இருட்டில், காற்றில், பதினெட்டுப் பேர். அவள் முன்பக்கத்தில் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். நடுக்கடல் மணல் திட்டில் படகு தட்டியது. ஓராள் கூடிப்போச்சு, ஒருத்தர் இறங்காவிட்டால் எல்லாரும் முழுகுவம் என்று ஓட்டி கத்தினான். அதன் பிறகு காற்றுக்குள் அவளுடைய அண்ணை கிறிஸ்துராஜாவின் குரல். "வாறன்" என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. படகு எழும்பியது, போய்விட்டார்கள்.

"கொண்ணை தானாத்தான் இறங்கினவர். நீங்கள் போங்கோ, நான் பிறகு வாறன் எண்டவர்," என்று யாக்கோப்பு பிறகு சொன்னார். விடிவதற்குள் ஓட்டியோடு தான் திரும்பிப் போய்ப் பார்த்ததாகவும், திட்டு வெறுமையாய்க் கிடந்ததாகவும், வேறு வள்ளம் ஏற்றிப் போயிருக்கும் என்றும் சொன்னார். றோஸ்மலர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே எட்டு வருடம் இருந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் எவரும் "போறன்" என்று சொல்லிப் படி இறங்குவதில்லை. செத்த வீட்டைத் தவிர எங்கே போனாலும் "வாறன்"தான். யாக்கோப்புகூட வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷிப்ட் முடிந்து மேலாளரிடம் "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வெள்ளைக்காரன் முக்கால் மணி நேரம் காத்து நின்றானாம். வாறன் என்றவன் வருவான். அதனால்தான், ஒவ்வொரு நவம்பரும் கோவிலில் மரித்தவர்களின் பெயர் எழுதத் தருகிற அட்டையில் அவள் அப்பாவையும் அம்மாவையும் எழுதி, அண்ணையின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவருகிறாள்.

படகை ஏற்றி இறக்கி விடுகிற சன்பரி லொக்கின் தண்ணீர்த் தொட்டிக்குள் படகை விட்டுப் பெரிய மரக்கதவுகளைச் சாத்தும்போது, மேலே நின்ற காவலாளி குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார். யாக்கோப்பு கேளாதவர்போல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். றோஸ்மலர்தான் நிமிர்ந்து, என்ன என்று கேட்டாள்.

"பின்னால் இருக்கிறவரைக் காலை உள்ளே எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. சுவருக்கும் படகுக்கும் நடுவில் நசிந்துவிடும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். இடது மூலை. வெறும் இருக்கை.

"கயித்தைக் கண்டிட்டுச் சொல்லுறான்," என்றார் யாக்கோப்பு. அந்தப் பக்கம் கயிறு எதுவும் தொங்கவில்லை. லொக்கைத் தாண்டிப் படகு ஓடத் தொடங்கியபோது, எஞ்சின் கிளப்பிய நுரைக்கு இடப்பக்கமாக, தண்ணீரில் இரண்டு மெல்லிய கோடுகள் ஒட்டிக்கொண்டே வந்தன. சின்ன வயதில் வள்ளத்தின் விளிம்பில் இருந்து காலைத் தொங்கப் போட்டால் அப்படித்தான் கோடு விழும். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி வைக்கும்போது அந்த இருக்கை ஈரமாக இருந்தது. மழையில்லை. துணியால் துடைத்தாள், தேத்தண்ணியை ஊற்றிவிட்டுப் பார்க்க மறுபடி ஈரம். விரலால் தொட்டு, ஏனென்று தெரியாமல் நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ஆற்றுத் தண்ணீர் உப்பில்லை. கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரம். அவள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, யாக்கோப்பிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு காரணம் சொல்லிவிடுவார், அந்தக் காரணமும் பொருந்தாமல் போய்விடும் என்று பயந்தாள்.

திங்கட்கிழமை படகைக் கரையேற்றி ட்ரெயிலரில் கட்டி, மேலே படங்கு இழுத்து மூடி, றோட்டால் திரும்பினார்கள். கார் மூச்சு வாங்கியது. சின்ன ஏற்றத்திலும் கியரை மாற்ற வேண்டியிருந்தது. ட்ரெயிலரின் இடது சில்லு நசிந்து ஓடுவதைப் பக்கக் கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். படங்கு மூலையில் குழிந்திருந்தது. யாக்கோப்பு காரை ஓரங்கட்டி இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கினதாக்கும் என்று சொல்லிக்கொண்டே தும்புத்தடியால் கீழேயிருந்து இடித்தார். தண்ணீர் கொட்டவில்லை. தடி எதிலோ முட்டி நின்றது. அவர் தடியை மெல்ல இறக்கிக் காருக்குள் வைத்துவிட்டு, மறுபடி காரை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்கள் திருநாள். இரவு ஏழு மணிக்குப் பூசை. காலையில் கோவில் அட்டையைத் தேடியபோது அது மேசையில் இருந்தது. அப்பாவின் பெயருக்கும் அம்மாவின் பெயருக்கும் கீழே யாக்கோப்பின் கோணல் எழுத்தில் மூன்றாவது பெயர். கிறிஸ்துராஜா.

"ஆர் உங்களை இதை எழுதச் சொன்னது?"

"எழுதினால் நல்லது றோசு."

"ஆருக்கு நல்லது?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த மூலையோடு அவரைத் தனியே விட அவளுக்கு மனம் வரவில்லை, பின்னாலேயே போனாள்.

ஐல்வேர்த்தில் படகை இறக்கும்போது மணி இரண்டு. பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள், பெருக்கு ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். சேற்று வாடை, பாசி வாடை, அதற்குள் இன்னொரு வாடை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. பெருக்கை எதிர்த்துக் கீழே ஓடினார்கள். ஹமர்ஸ்மித் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவதுதான் திட்டம். கியூ பாலம் தாண்டும்போது சிவப்புக் கோடு நாலு விரற்கடை தாழ்ந்துவிட்டது. சிஸ்விக்கில், ஆற்றுக்குள் வில்லோக் கம்புகள் அடர்ந்து நிற்கிற நீண்ட திட்டுத் தெரிந்தபோது, மூலை விளிம்பால் தண்ணீர் நாக்குநாக்காய் உள்ளே வரத் தொடங்கியது. மணி நாலு. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

யாக்கோப்பு வாளியால் அள்ளி ஊற்றினார். அள்ளியபடியே, மூலையைப் பார்க்காமல், மெல்லச் சொன்னார்:

"ஒதுங்கு மச்சான். கொஞ்சம் நடுவுக்கு வா."

றோஸ்மலர் மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆரோடை கதைக்கிறியள்?"

"முதல் நாளே தெரியும், றோசு. கானுமில்லை, சிலிண்டருமில்லை." அவர் அள்ளுவதை நிறுத்தவில்லை. "அறுபத்திரண்டு கிலோ. நான் தூக்கின பாரம் எனக்கு மறக்குமோ?"

"எப்ப தூக்கினியள்?"

வாளி நின்றது.

"நான்தான் தூக்கி இறக்கினனான். ஓட்டி கடைசியா ஏறின எங்களிலை ஒருத்தரை இறங்கச் சொன்னவன். நீ அல்லது நான் அல்லது அவர். கொண்ணை இறங்க மாட்டன் எண்டு விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நெஞ்சளவு தண்ணி. 'நானும் வாறன், நானும் வாறன்' எண்டவர். விரலைப் பிரிச்சு விட்டனான்."

நானும். அந்த ஒரு சொல்லைக் காற்று கொண்டு போயிருந்தது. எட்டு வருடம் அவள் பிடித்துக்கொண்டிருந்த வாக்குறுதி, வாக்குறுதி அல்ல. கெஞ்சல்.

"திரும்பிப் போனியளோ?"

அவர் தலையை அசைத்தார். போகவில்லை.

படகு திட்டின் சேற்றில் மூக்கை முட்டியது. யாக்கோப்பு முன்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "நான் இறங்கினால் எழும்பும். நீ இரு," என்றார். முழங்கால் சேற்றில் இறங்கினார். படகு எழும்பவில்லை. எழுபத்தெட்டுக் கிலோ இறங்கியும் ஒரு மயிரிழை எழும்பவில்லை.

அவளுக்குப் பின்னால், காதுக்கு அருகே, தண்ணீர் நிறைந்த தொண்டையால் ஒரு குரல்.

"நானும் வாறன்."

மூலை சட்டென்று நிமிர்ந்தது. படகு முழுக்கத் துள்ளி எழும்பியது. கயிறு யாக்கோப்பின் கையிலிருந்து பறந்தது. பெருக்கு படகைத் திட்டிலிருந்து பிடுங்கி மேல்நோக்கி இழுத்தது. அவள் சேற்றைப் பார்த்தாள். வெறுங்கால் அடி ஒன்று விழுந்து தண்ணீர் நிரம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவரை நோக்கி. அவர் பின்னால் பின்னால் போய் வில்லோக் கம்புகளைப் பிடித்துக்கொண்டார்.

"றோசு!"

அவள் அழவில்லை. அழ நேரமில்லை. அவர் விரலைப் பிரித்துவிட்ட மனிதர்தான். அவளுடைய புருசனும் அவர்தான். எஞ்சினை இழுத்தாள். பிடிக்கவில்லை. இழுத்தாள். பிடிக்கவில்லை. நாலாம் தரம் பிடித்தது. சுக்கானைத் திருப்பினாள். அன்று அவர் திரும்பிப் போகவில்லை, இன்று அவள் போனாள். பெருக்கை எதிர்த்து, ஒவ்வொரு முழமாக, திட்டு இருந்த இடத்துக்கு.

திட்டு இல்லை; அவள் வருவதற்குள் பெருக்கு ஏறி அதை மூடிவிட்டிருந்தது. வில்லோக் கம்புகளின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றன.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டோர்ச் அடித்துச் சுற்றினாள். மூன்று தரம், நாலு தரம். கரையில் நின்ற ஒருவர் நாயோடு அப்படியே நடந்து போனார். யாக்கோப்பு அன்று சொன்ன பொய் இன்று உண்மையாகி அவள் முன்னால் கிடந்தது. வெறுமை.

ஆட்களைக் கூப்பிட வேண்டும். பொலிசுக்குச் சொல்ல வேண்டும். அவள் படகை மேல்நோக்கித் திருப்பினாள்.

இடது மூலை தாழ்ந்தது.

அவள் திரும்பவில்லை. சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உப்பு வாடை. சேற்று வாடை. அதோடு, யாக்கோப்பு ஷிப்டுக்குப் போகும்போது பூசுகிற சந்தன பவுடரின் வாடை.

"நானும் வாறன், றோசு."

வலது மூலை தாழ்ந்தது. எழுபத்தெட்டுக் கிலோ.

கரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வந்தன. தெருவிளக்கு வெளிச்சத்தில், படகுக்குப் பின்னால், நுரைக்கு இரு புறமும், தண்ணீரில் நாலு கோடுகள் அவளோடு கூடவே வந்துகொண்டிருந்தன.